பத்மாவதி மேடத்தின் டைப்பிஸ்ட்

டைப் அடிக்கிறவனுக்கு விரல் மட்டும்தான் சொந்தம், வார்த்தை அதிகாரியுடையது. ஆனால் திட்டு என்று வந்தால் அது முழுசாக நம்முடையது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், எங்கள் சின்ன சர்க்கார் ஆபீசுக்கு ஒரு பெண் அதிகாரியாக வந்தார். பத்மாவதி, கும்பகோணம், பி.ஏ. எனக்கு இருபத்தெட்டு வயது, அவருக்கும் அதேதான்.

புது மெஷின்

அதுவரை நான் அடித்தது பிரெஞ்சு மெஷினில். இங்கிலீஷ் மெஷினில் சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும். விரலுக்கு அது எப்படித் தெரியும்? 'ஏ' விழ வேண்டிய இடமெல்லாம் 'க்யூ' விழுந்தது. பழைய அதிகாரியாக இருந்தால் காகிதம் என் முகத்தில் பறந்திருக்கும். பத்மாவதி அம்மாள் கடிதத்தை நிதானமாகப் படித்து, ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தி, என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு வேலை தெரியும். மெஷின்தான் புதுசு. ஒரு மாசம் பழகுங்க."

யார் ஆபீசர்?

ஒரு நாள் மரைக்காயர் ஒருவர், கடை லைசென்சுக்காக வந்தார். நேரே என்னிடம் வந்து சலாம் சொன்னார். பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி குடும்மா, ஆபீசரய்யாகிட்ட பேசணும்" என்றார். நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அதிகாரியாக இருந்து பார்க்க ஆசையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பத்மாவதி அம்மாள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, மனுவை வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டார். மரைக்காயர் டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. என் மவ மேல படிக்கணும்னு அழுவுறா, நான்தான் விடல. நாளைக்கு அவள இங்க கூட்டியாரட்டுமா?"

மொட்டைக் கடிதம்

ஆபீசில் எல்லோரும் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம். நாலாவது மாசத்திலிருந்து எனக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. 'மேடம்' என்று மாற்றிக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், அவரும் அவர் தாயாரும் குடியிருந்த தலத்தெரு வரை குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன். அடுத்த வாரமே மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போயிருந்தது: அதிகாரி டைப்பிஸ்டை மயக்கி வைத்திருக்கிறாராம்.

புதுச்சேரியிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். என்னை மாற்றிவிட்டால் பேச்சு அடங்கும் என்றார். "தப்பு செய்யாதவரை மாத்தினா, கடிதம் எழுதினவர் சொன்னது நெஜம்னு ஆயிடும் சார். நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் மேடம். அவர் வேலைக்கே ஆபத்து வந்திருக்கலாம். பெரிய அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று ஹெட் கிளார்க் சாமிநாதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு முன்னால் அந்த ஸ்டூலில் ஒரு பெண் இருந்தாள். பழைய அதிகாரியின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டுப் போனவள். சாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"அந்தப் பொண்ணு அழுதுகிட்டே போனப்ப ஒருத்தரும் கடிதம் எழுதல தம்பி. நானும் எழுதல."

மாற்றல்

இரண்டு மாசம் கழித்து நானே வேறு ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதினேன். தினமும் மேடத்தின் எதிரே உட்கார்ந்து எதுவும் இல்லாததுபோல இருக்க முடியவில்லை. சொல்லவும் பயம், அதிகாரியிடம் சலுகை தேடுகிறான் என்று நினைத்துவிட்டால்? உத்தரவு வந்ததும் மேடம் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை காத்திருந்து கொடுத்தார். அவர் குரல் சரியாக இல்லை.

"இனிமே நான் உங்க அதிகாரி இல்ல. உங்களால வேண்டாம்னு சொல்ல முடியணும்னுதான் இத்தன நாள் கேக்கல. ஞாயித்துக்கெழம எங்கம்மாவப் பாக்க வர்றீங்களா?"

போனேன். தை மாசம் கல்யாணம் நடந்தது, வேலையை அவர் விடவில்லை. பெண்ணுக்குக் கீழே வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். மாற்றல் வாங்கிய பிறகும் அந்த வேலையை நான் விடவில்லை என்பதுதான் என் பதில்.