கீழ் லயத்துக்குக் கத்தி கொண்டுபோனது யார்

ரெங்கம் ரயிலடிக்குப் பின்னால் மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை இருக்கிறதே, அது நான் கட்டியது. குளுவாங்கில் இருக்கும் இரண்டாவது கடையும் நான் கட்டியதுதான். பலகை அறுத்தது முதல் கூரைத் தகரம் அடித்தது வரை இந்தக் கை. தோட்டத்துச் சுடுகாட்டுப் பாதையில் மழைக்காலத்தில் பாடை தூக்குகிறவன் இடுப்பளவு சேற்றில் இறங்குவான். அங்கே மரப்பாலம் போட்டது நான். என் பிள்ளைகள் நாலு பேரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். எனக்கு ஊரில் எட்டு மாதப் படிப்பு, அதுவும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து. சவரம் எங்கள் குலத்தொழிலும் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. இதை எழுதுவதும் நானேதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் இருக்கும். ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கூலியாட்கள் குடியிருக்கும் லயம் அங்கே இரண்டு வரிசை. மேட்டில் இருந்தது மேல் லயம். கான் என்கிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கீழ் லயம், அது நாங்கள். மேல் லயத்துக் குழாயில் எங்கள் பெண்கள் தண்ணீர் பிடிக்க முடியாது. கடல் தாண்டி வந்தும் சாதியை மட்டும் தாண்டவில்லை.

நாலு தோட்டத்துக்குப் பொதுவாக ஒரு நாவிதர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து மேல் லயத்து மரத்தடியில் நாற்காலி போடுவார். கீழே வரமாட்டார். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் வழிமறித்துக் கேட்டேன்.

“ஒன்னத் தொட்ட கத்திய நான் மேல எடுத்துட்டுப் போனா, அவங்க என்னக் கூப்புடுவாங்களா? நீயே சொல்லு” என்றார்.

நாங்கள் உடைந்த புட்டிச் சில்லால் முகத்தைச் சுரண்டிக்கொள்வோம். இல்லாவிட்டால் ஆறு மாதம் தாடி.

சின்னத் துரை சீமைக்குத் திரும்பினபோது பங்களாவில் கழித்துப் போட்ட சாமானில் ஒரு சவரக்கத்தி கிடந்தது. பிடி ஒரு பக்கம் உடைசல். விறகு போடப் போன என் பக்கம் சமையல்காரச் சீனர் அதைத் தள்ளி, “அம்பில், அம்பில்” என்றார், எடுத்துக்கொள் என்று. நாவிதர் வைத்திருப்பது போலவே மடக்குக் கத்திதான். ஆனால் அலகின் மேல் மாட்டிக் கழற்றும்படி பல் பல்லாக ஒரு தகடு இருந்தது, தோல் அறுபடாமல் காக்க. பார்ப்பதற்குச் சீப்பு மாதிரி இருந்ததால் சீப்பு என்றே சொன்னேன்.

வேலை முடிந்து தினமும் மழைத்தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் கண்ணாடித் துண்டைச் செருகிவைத்துப் பழகினேன். துணி துவைக்கும் சவுக்காரம்தான் நுரை. எனக்குத் தெரிந்த ஒரே வெட்டு பால் வெட்டு. பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். அந்தக் கணக்கிலேயே முகத்தையும் இழுத்தேன். முதல் நாள் ஒரு மயிரும் வரவில்லை. கத்தியை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். கொஞ்சம் படுக்கவைத்து, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, அழுத்தி இழுத்தபோது வந்தது. அழுத்தினால் சீப்பு தாங்கிக்கொண்டது. மூன்று மாதத்தில் என் கன்னம் துரை கன்னம் மாதிரி ஆனது. கீழ் லயத்தில் அப்படி ஒரு முகம் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பிறகு ஞாயிறு தோறும் என் வாசலில் ஆள்.

“டேய், மங்க கீழ வைங்கடா, இவன் மொகத்துல பால் வடியப் போவுது” என்பார்கள். ரப்பர்ப் பால் பிடிக்கிற கோப்பைக்கு மங்கு என்று பெயர்.

“இவன் கெழட்டு மரம்ண்ணே. பால் வத்திப்போச்சு. பட்டைய மட்டும் சீவி வுடுங்க.”

அடுத்த அறைக்காரன்தான் அதிகம் கேலி பேசுவான். என்னைவிட இரண்டு வயது இளையவன், பெண்டாட்டி உண்டு, கூடவே வயசான அப்பா. ஊரிலிருந்து வந்தும் குடுமியை எடுக்காமல் வைத்திருந்தான்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் காய்ச்சல் வந்தது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றதால் முதலில் எங்கள் லயம். காலையில் பேர் கூப்பிடும்போது பதில் வராத பேர் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. அடுத்த அறைக்காரனின் அப்பா ஒரு விடியற்காலையில் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் வாசலிலேயே நின்று சொன்னார்.

“காச்சல் பொணம். பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துடணும். இல்லன்னா ஆஸ்பத்திரி ஆளுங்க வந்து தூக்கிருவாங்க.”

அவர்கள் தூக்கினால் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆற்றோரத்துப் பொதுக்குழி. சுண்ணாம்பைக் கொட்டி மூடுவார்கள். யார் மேல் யார் கிடக்கிறார்கள் என்று கிடையாது.

மகன் மொட்டை அடிக்காமல் கொள்ளிக்குடம் தூக்கக் கூடாது என்று பெரியவர்கள் ஒரே பிடியாய் நின்றார்கள். நான் மேல் லயத்துக்கு ஓடினேன். அன்று ஞாயிறு. நாவிதர் முன்னால் ஒருத்தர் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். நான் கானுக்கு இந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். நாவிதர் என்னைப் பார்க்கவில்லை.

“இன்னிக்கி ஒடம்பு சரியில்ல” என்று சொல்லிவிட்டு மிச்சப் பாதி முகத்தையும் வழிக்க ஆரம்பித்தார்.

திரும்பி வந்தேன். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“வரமாட்டாராண்ணே?”

“மாட்டாரு.”

“அப்ப நீங்க எடுங்க கத்திய.”

குடுமியைக் கத்தரிக்கோலால் அறுத்துவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றி ஆரம்பித்தேன். இரண்டு இழுப்பில் சீப்பின் பல்லெல்லாம் முடி அடைத்துக்கொண்டது. ஊசியால் குத்தி எடுத்தேன், மறுபடி அடைத்தது. அதற்குள் ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் மூங்கிலோடு வந்து லயத்து முனையில் குந்தி பீடி பற்றவைத்தார்கள். சீப்பைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

இத்தனை மாதமாக அந்தச் சீப்பு எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்கிற தைரியம். இப்போது வெறும் அலகு. கை பழைய மாதிரியே அழுத்தியது. இடது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு இறங்கிவிட்டது. காதின் மேல் விளிம்பும் போனது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு சிவப்பு கொட்டியது. கத்தியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அவன் தலையைத் திருப்பவில்லை. “நிறுத்தாதீங்கண்ணே” என்றான். “அவனுங்க மூங்கிலோட நிக்கறானுங்க.”

யாரோ காப்பித்தூளை அள்ளி வைத்து அமுக்கினார்கள். மிச்சத் தலையை மூச்சுவிடாமல் எடுத்தேன். கத்தியின் கனம் மட்டும் போதும், கை வெறுமே கூடப் போனால் போதும் என்று அந்தத் தலையில்தான் எனக்குத் தெரிந்தது. பிற்பாடு வழித்த அத்தனை தலைக்கும் அதுதான் பாடம்.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் பாடை கிளம்பிவிட்டது. அவன் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்தபோது ஓட்டையில் வடிந்த தண்ணீரோடு அவன் ரத்தமும் முதுகில் வடிந்தது. கொள்ளி வைத்தான். அப்பா குழிக்குப் போகவில்லை.

பதினாறாம் நாள் என் அறைக்கு வந்தான். தலையில் துண்டு கட்டியிருந்தான்.

“அண்ணே, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாவிதரு கை வெக்காத மொட்ட செல்லாதுன்னு பெரியவங்க சிலபேரு பேசிக்கறாங்க. அப்பா காரியம் செல்லாமப் போச்சுன்னு நாளைக்கி எவனும் சொல்லக்கூடாது. யாரு கேட்டாலும் நாவிதரு எறங்கி வந்தாருன்னு சொல்லிருங்க.”

“பாத்தவங்க இருக்காங்களேடா?”

“பாத்தவங்கள்ல பாதிப் பேரு காச்சல்ல கெடக்கறாங்க.”

சரி என்றேன். பாதிப் பேர் என்று அவன் சொன்னது பொய்யும் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் பார்த்தவர்களில் பலபேர் இல்லை. பெரியவர்களும் போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டது நான்தான். அதற்குள் யார் கை என்று கேட்க ஒருவருக்கும் தெம்பில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். கிழவனாகிற வரை இருந்தான். கேட்டவர்களிடமெல்லாம், நாவிதர் கான் தாண்டி வந்து எனக்கு மொட்டை போட்டார் என்றே சொன்னான். நான் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்வான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். நானும் வாய் திறக்கவில்லை. அவன் அப்பாவுக்காகச் சொன்ன பொய், அவனுடைய பொய். போன வருஷம் அவனும் போய்விட்டான்.

இப்போது தோட்டத்துத் தொழிலாளர் சங்கத்தார் சுடுகாட்டுக் கொட்டகையில் பெயர் வெட்டிய கல் பதிக்கப் போகிறார்கள். கல்லுக்கு எழுதியதைக் கூட்டத்தில் படித்துக் காட்டினார்கள். சாதி பாராமல் முதன்முதலில் கீழ் லயத்துக்கு இறங்கி வந்து கத்தி பிடித்த உத்தமர் என்று நாவிதர் பெயர். என் பெயர் பாலத்துக்குப் பலகை கொடுத்தவர்கள் வரிசையில் ஏழாவது.

நாவிதர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார். சாட்சி வேண்டும் என்றால் போன வருஷம் செத்த அடுத்த அறைக்காரனின் மகன்களைக் கேளுங்கள். அப்பாவின் இடது காது ஏன் அப்படி இருந்தது, அதற்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு முடி ஏன் முளைக்கவில்லை என்று கேளுங்கள். நாவிதர் பரம்பரைத் தொழிலாளி, கண்ணை மூடிக்கொண்டு வழித்தாலும் அவர் கை அப்படி வெட்டாது. அது கற்றுக்குட்டி வெட்டு, என் வெட்டு.

உத்தமர் என்றெல்லாம் எனக்குப் போட வேண்டாம். அந்த மொட்டையை அடித்தது இன்னார், காதை வெட்டியதும் அவரேதான் என்று கல்லில் எழுதுங்கள். எழுதாமல் அந்தக் கல்லைப் பதிக்கக் கூடாது.