எந்தப் பிளாட்போம், அக்கா?

ஸ்டேசனில் பாண் விற்பவளிடம் பாண் கேட்பவர்களைவிட பிளாட்போம் கேட்பவர்களே அதிகம். ஜெர்மனியில் எசன் நகரத்துக்குக் கிட்ட ஒரு பெரிய ஸ்டேசனின் சுரங்கப்பாதையில், கோப்பியும் பாணும் விற்கும் பேக்கரிக் கடையொன்றில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நின்றேன். இரண்டு பக்கமும் பிளாட்போம்களுக்கு ஏறும் படிகள், எல்லாம் ஒரே மாதிரி. ஆட்களுக்கு முன்னால் நின்று பிழைத்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

ஏழு கிளாஸ்

சேர்ந்த புதிதில் என் ஜெர்மன் அரைகுறை. டை கட்டிய ஒருவர் மூச்சிரைக்க வந்து, "கிளைஸ் சீபன்?" என்றார். சீபன் என்றால் ஏழு, அது தெரியும். கிளைஸ் என்றால் பிளாட்போம், அது தெரியாது. கிளாஸைத்தான் கேட்கிறார் என்று கடுதாசிக் குவளைகளை வரிசையாக வைத்து கோப்பி ஊற்றத் தொடங்கினேன். மனிதர் என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். நாலாவது குவளை நிறையும்போது தலைக்கு மேலே ரயில் தடதடவென்று புறப்பட்டுப் போனது.

அவர் பையைக் கீழே வைத்தார். ஒரு குவளையை எடுத்து முகர்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இனி அவசரமில்லை. சீனி இருக்கா?"

முன்பாதி, பின்பாதி

சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி இன்னோர் ஊருக்கும் போகும். கலியாணத்துக்கு வெளிக்கிட்ட ஒரு தமிழ்த் தம்பதிக்கு இதைச் சொல்லி, "பின்பெட்டியில ஏறுங்கோ" என்று அனுப்பினேன். அண்ணை சிகரெட் பிடிக்க முன்பக்கம் போய், அங்கேயே ஏறிவிட்டார்.

அடுத்த கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். மனைவிதான் சொன்னா: "இவர் ஹனோவருக்குப் போனார், நான் கலியாணத்துக்குப் போனன். சாப்பாட்டுப் பெட்டி என்னட்டை இருந்தபடியா எனக்கொரு கவலையும் இல்லை."

மார்க்கோவின் யோசனை

என்னோடு வேலை செய்த மார்க்கோ இத்தாலியின் நாப்போலிக்காரன். கடைசி நேரத்தில் பிளாட்போம் மாற்றினால் யாரையும் கேட்கக்கூடாது, சனம் ஓடுகிற பக்கம் ஓடவேண்டும் என்பது அவன் கொள்கை. அவனுடைய ஊர் ஸ்டேசனில் அப்படித்தானாம். ஆஹென் நகரத்தில் படிக்கும் மதுரைப் பெடியன் ஒருவன் அறிவிப்பு விளங்காமல் திகைத்து நின்றபோது, அவனுக்கும் அதையே சொல்லிவிட்டான். சனம் திரளாக ஓடியது. பெடியனும் ஓடினான். ஓடியவர்கள் கழுத்தில் எல்லாம் நீலச் சால்வை. அதை நான் கவனித்தபோது ரயில் அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பிறகொரு நாள் வந்து நின்றான். "ஃபுட்பால் மேட்ச் சூப்பரா இருந்துச்சு அக்கா. ஆனா ஆஹென்ல என் ப்ரொஃபசர் வெயிட் பண்ணிட்டு இருந்தார்."

மிலானிலிருந்து ஒரு தங்கச்சி

சிவமலர் அக்கா எசனில் இருந்து தங்கச்சியைக் கூட்டிப்போக வந்திருந்தா. ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. தங்கச்சி இத்தாலிக்குப் போனவ, அக்கா இங்கே. அறிவிப்புப் பலகையில் போட்ட பிளாட்போமில் அக்கா காத்து நின்றா. ரயில் வேறொன்றில் வந்து போய்விட்டது. தங்கச்சியின் போன் வேலை செய்யவில்லை. என் கடைக்கு வந்து, வாங்கிய தேத்தண்ணியைத் தொடாமல் அழுதா. "இவ்வளவு தூரம் வந்தவளைத் துலைச்சுப்போட்டனே" என்றா. எனக்கும் கண் கலங்கியது.

அப்போது மார்க்கோ கடையின் மறுபக்கத்தில் இருந்து ஓடிவந்தான். "உங்கட ஆள் மாதிரி ஒருத்தி அங்கால நிண்டு இத்தாலியனில அழுகிறா!"

அக்காவைக் கையில் பிடித்து இழுத்துப் போனேன். குட்டை முடி, பெரிய கோட், கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றியதும் அக்கா "ஐயோ" என்று கட்டிப்பிடித்தா. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழ, அவசரமாகப் போன சனம்கூட விலகி வழிவிட்டது. அழுது முடிந்ததும் அக்கா தங்கச்சியை மேலும் கீழும் பார்த்து என்னிடம் சொன்னா: "இந்த மனிசியை நான் ரெண்டு தரம் தாண்டிப் போனனான். என்ரை தங்கச்சி ஒல்லியெல்லோ!"

இத்தனை வருசத்தில் எத்தனை பேரைச் சரியான ரயிலில் ஏற்றினேன் என்று சொல்ல எனக்கு ஏலாது, ஆனால் என்னால் ரயிலை விட்டவர் ஒருவர்கூட பசியோடு நின்றதில்லை.