பூட்டிய வீட்டில் குளிக்கும் சத்தம்

கறை

காலை ஆறு பத்து. அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கட்டிலுக்கு நேர் மேலே ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த கறை. தாம்பாளம் அளவு. நடுவில் பழுப்பு, விளிம்பில் மஞ்சள். அதன் கீழே அருள்ராஜ் சார் மல்லாந்து படுத்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரால் தானாகப் புரள முடியாது.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வாட்டர்ப்ரூஃபிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்னும் கசிவு என்றால் கூப்பிடுகிறார்கள். இது மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி. கூப்பிட்டவர் அருள்ராஜின் மனைவி ஸ்டெல்லா டீச்சர்.

"ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க சார்," என்று ஃபேனை நிறுத்தினார். கணவருக்கு உடம்பு துடைத்துவிடும் நேரம். குளிரக்கூடாது என்று தினமும் அப்போது நிறுத்துவாராம். இறக்கை நின்றதும் மேலே கேட்டது. டக். இடைவெளி. டக், டக்.

"சாமுவேல் குளிக்கிறான்," என்றார் அருள்ராஜ். நாக்கு குழறினாலும் சொல் புரிந்தது.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "மேல் வீட்டு சாமுவேல் சார். இவரோட வாக்கிங் ஃப்ரெண்ட். இறந்து அஞ்சு மாசம் ஆச்சு, வீடு பூட்டியே கெடக்கு. அடக்க ஆராதனையைக்கூட இவருக்கு ஃபோன்ல காமிச்சேன். ஆனாலும் தினம் இதே நேரத்துக்கு இதையே சொல்றார்."

ஸ்டூலில் ஏறிக் கறையை விரலால் அழுத்தினேன். ஜிப்சம் போர்டு, டீயில் ஊறிய பிஸ்கட் போல உள்ளே போனது.

"கட்டிலை இப்பவே ஹாலுக்கு மாத்துங்க டீச்சர்."

"ஹால்லயா? வர்றவங்க போறவங்க முன்னாடியா நான் இவருக்கு டயபர் மாத்தணும்? நீங்க கசிவை மட்டும் பாருங்க சார்."

"இது விழுந்தா முகத்துலதான் விழும். அவரால தலையைத் திருப்ப முடியாது."

டீச்சர் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன்.

சாவி

மேல் வீட்டுச் சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இருந்தது. "யாரும் உள்ள போகல சார். சாமுவேல் சார்தான் குளிக்கிறாருன்னா மெயின்டனன்ஸ் பாக்கியைக் கேட்டுடலாம்," என்று, நான் விஷயத்தைச் சொன்னதும் படியேறும்போது சிரித்தார். கதவைத் திறந்தபின், "நீங்க முதல்ல போங்க," என்றார்.

கடைசிக் காலத்தில் சாமுவேலால் தூரம் நடக்க முடியாததால், படுக்கையறை மூலையிலேயே ஷவர் அமைத்திருந்தார்கள். டிரெய்ன் பைப்பில் தண்ணீர் ஓடச் சரிவான வாட்டம் வேண்டும் என்று தரையை அரை அடி உயர்த்தியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி, உட்கார பிளாஸ்டிக் நாற்காலி. சோப்பு வெடித்துக் காய்ந்திருந்தது. தண்ணீர் வால்வு மூடியிருந்தது. தரையெல்லாம் தூசி, காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. ஒரு மூலையில் மட்டும் டைல் இடுக்குகள் கறுத்திருந்தன. சாவியால் தட்டினேன். உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தது.

அந்த வேலையைச் செய்த ஏழுமலை மேஸ்திரியை வரவழைத்தோம்.

"டைலுக்கு அடியில என்ன வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் குடுத்த?" என்று கேட்டேன்.

"சிமென்ட் கலவையில வாட்டர்ப்ரூஃப் லிக்விட் ஊத்தினேன் சார்."

"கீழ கான்கிரீட் ஸ்லாப் மேல?"

"ஒண்ணும் குடுக்கல. அது பெட்ரூம் ஸ்லாப்பு தானே சார்."

"தண்ணி கட்டி வெச்சுப் பாத்தியா?"

"எங்க சார்? ஏப்ரல் மாசம். அல்லாரும் டேங்கருக்குப் பேஜாராகி நின்னுகினு கீறாங்க. ரெண்டு நாளு தண்ணிய தேக்கி வெச்சா இந்த செக்ரட்டரி சாரு வுடுவாரா? நாலு பக்கெட் ஊத்திப் பாத்தேன், ஓடிச்சு. வுட்டுட்டேன்."

செக்ரட்டரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டைலுக்கு அடியில்

ஏழுமலை உளி வைத்தார். மூலை டைல் பெயர்ந்தது. தரையை உயர்த்தப் போட்ட செங்கல் துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் நின்றது. முதலில் ஊசல் நாற்றம் வந்தது. அதற்குப் பின்னால் வேப்ப எண்ணெய் சோப்பின் வாசனை.

ஏழுமலை உளியைக் கீழே வைத்துவிட்டார். "சார், இது அவரு போட்டுகினு இருந்த சோப்பு."

சாமுவேல் குளித்த தண்ணீர் அது. டிரெய்னுக்குப் போகாமல் இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. மேலே டைல் மூடியிருந்ததால் ஆவியாகவும் வழியில்லை. அவரை அடக்கம் செய்த பிறகும் அது சொட்டுச் சொட்டாக ஸ்லாப்பைக் கடந்து, கீழ்வீட்டு ஜிப்சம் போர்டின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. பகலில் ரோட்டுச் சத்தம், இரவில் ஃபேன். ஃபேன் நின்ற அந்தச் சில நிமிடங்களில் மட்டும் கேட்டிருக்கிறது.

அடுத்த டைலைப் பெயர்க்கும்போது கீழ்வீட்டில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. டீச்சர் அலறினார். ஓடினோம். படுக்கையறையில் போர்டு முழுதாக இறங்கியிருந்தது. காலையில் தலையணை இருந்த இடத்தில் ஈர மாவுக் குவியல். அருள்ராஜ் ஹாலில் கண் விழித்துப் படுத்திருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஷவரை இடம் மாற்றினால் தண்ணீரையும் இடம் மாற்றுகிறீர்கள். டைலும் சிமென்ட்டும் தண்ணீரை நிறுத்தாது. ஸ்லாப்பைச் சுத்தம் செய்து, சுவரும் தரையும் சேரும் மூலைகளை வளைவாக உருட்டிப் பூசி, பைப்பைச் சுற்றி அடைத்து, கோட்டிங்கைச் சுவரில் ஷவர் உயரம் வரை ஏற்ற வேண்டும். டைல் ஒட்டும் முன்பு தண்ணீர் கட்டி, நீர்மட்டத்துக்குச் சுவரில் கோடு போட்டு, இரண்டு நாள் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள இடத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தச் சோதனைதான்.

எல்லாவற்றையும் பெயர்த்து, காயவிட்டு, அப்படியே செய்தோம். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காலை கீழே போனேன். டீச்சர் ஹால் ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் நிறுத்தினார். சத்தமே இல்லை. அருள்ராஜ் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குளிச்சு முடிச்சிட்டான்," என்றார்.

டீச்சர் திருப்பி மாற்றச் சொல்லவில்லை; கட்டில் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது.