இரண்டு கதவு வீட்டில் நான்கு பூட்டுகள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மொத்தம் இரண்டே கதவுகள். ஒன்று தெருவைப் பார்த்தது. இன்னொன்று குளியலறைக்கு. அதுவும் மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது. உள்ளே இருப்பவர் சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். மற்றபடி ஒரு கூடம், ஒரு சமையலறை, நடுவில் ஒரு பூப்போட்ட திரை. அப்பாவுக்கு ஃபாக்டரியில் யாரோடு சண்டை, அம்மாவுக்கு எந்தப் பல்லில் வலி, எனக்குக் கணக்கில் எத்தனை மார்க் என்பதெல்லாம் எங்களுக்கு மட்டுமல்ல, மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும்.

இன்றைக்கு யாராவது என்னிடம், "மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு எதற்குப் பாஸ்வேர்டு?" என்று கேட்டுவிட்டால் அரைமணி நேரம் விடாமல் பேசுவேன். மடிக்கணினியின் கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். எவன் எழுதினான் என்று தெரியாத செயலிக்கு என் தொலைபேசி எண்ணைக் கொடுக்க மாட்டேன். கல்யாண விருந்துகளில் என் பக்கத்து நாற்காலி சீக்கிரம் காலியாகிவிடும். இந்தக் கொள்கைகளை நான் நிறையப் படித்து அடைந்ததாக நண்பர்கள் மரியாதையாக நம்புகிறார்கள். இல்லை. பன்னிரண்டாவது வயதில் ஒரு பூட்டை உடைத்து அடைந்தேன்.

அந்தப் பூட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. கோலார் தங்கவயலில் சுரங்கத்தின் மின்சாரப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்ததும் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து, எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்துகொண்டார். புத்தாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துவிடும் என்று பயமுறுத்தி, அவை சாகாமல் எல்லோரையும் ஏமாற்றிய வருடம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார்.

கம்ப்யூட்டர் என்று சொல்வது அதற்குக் கொடுக்கும் மரியாதை. பெட்டி, ஒரு டிராவல்ஸ்காரர் கழித்துப் போட்டது. மானிட்டர், மஞ்சள் காமாலை வந்து பிழைத்தது போலிருந்தது. ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது வேர்க்கடலை மெல்லும் சத்தம் கேட்டது. பெட்டிக்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. "சூடு வெளிய போவணும்க்கா" என்றார் மாமா. பல்லி உள்ளே போகாமலிருக்க அம்மா கிழிந்த கொசுவலையில் ஒரு துண்டை வெட்டிக் கட்டினாள். உலகத்திலேயே கொசுவலைக்குள் தூங்கிய கம்ப்யூட்டர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்பா எதிர்பார்த்தது எல்லார் வீட்டிலும் இருந்ததை. மாமா போட்டுக் கொடுத்தது ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டிலிருந்த லினக்ஸ் என்ற இயங்குதளம்.

"ஊர்ல எல்லார் வூட்லயும் இருக்கிறது திருட்டுக் காப்பி. இது அப்டி இல்ல. எழுதுனவனே, இந்தா எடுத்துக்கோ, தெறந்து பாரு, புடிக்கலையா மாத்திக்கோன்னு குடுத்துட்டான்" என்றார்.

"சும்மா குடுக்கறான்னா அதுல எதனா கோளாறு இருக்கும் மச்சான்" என்றார் அப்பா. அவருடைய அனுபவம் அப்படி.

அடுத்து மாமா செய்த காரியம்தான் விசேஷம். கம்ப்யூட்டருக்குள் ஆளுக்கு ஒரு கணக்குத் திறந்தார், பாஸ்வேர்டு என்ற பூட்டோடு ஆளுக்கு ஒரு அறை மாதிரி. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான்காவது 'ரூட்', எல்லா அறைகளுக்கும் போகக்கூடிய அந்தச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு பித்தளை டோக்கன் உண்டாம். ஒருவன் டோக்கனில் இன்னொருவன் இறங்கக் கூடாதாம்.

அப்பா தன் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். தெருமுனை வரை அது பிரசித்தம். அம்மா யோசித்து, கீபோர்டின் மேல் முந்தானையை விரித்து, அதற்குள் கையை விட்டு அடித்தாள்.

"அவளுக்கு எதுக்கு பாஸ்வேர்டு? சாம்பார் எப்டி வெக்கறதுன்னு யாரு திருடப்போறாங்க?" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

எனக்கு அந்த ரூட் சாவி வேண்டும். கேட்டேன்.

"எல்லா ரூமுக்கும் போற சாவிய வெச்சிருக்கறவன், போவாம இருக்கத் தெரிஞ்சவனா இருக்கணும் மாப்ளே."

"உனக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது. அதான் ஞாயித்துக்கெழம மட்டும் வர்றேன்."

அந்த வயதில் நான் எப்படிப்பட்ட பிறவி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதலாவது. அதை வீட்டில் ஒருவரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் அம்மா என் டீச்சரிடம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். வரும் வழியில் பஸ்ஸில், "இனிமே நீ தமிழ்லயே பேசும்மா. டீச்சருக்குப் புரியும்" என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் வந்த சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். மதியம் பள்ளி விட்டு வரும்போது அம்மா அதன் முன்னால் இருப்பாள். காதில் டேப் ரெக்கார்டரின் இயர்ஃபோன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் திரை வெறுமையாகிவிடும், இயர்ஃபோன் பைபிளுக்குப் பக்கத்தில் சுருண்டுவிடும். கேசட்டில் பிரசங்கம் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் பிரசங்கம் கேட்க எதற்குக் கீபோர்டு?

என் கணக்கிலிருந்து அம்மாவின் அறைக்குள் எட்டிப்பார்த்தேன். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று இரண்டே ஆங்கிலச் சொற்களில் பதில் வந்தது. என் சொந்த அம்மாவைப் பற்றி ஒரு இயந்திரம் என்னிடம் இப்படிச் சொன்னது எனக்குப் பெரிய அவமானம்.

வழி மாமா கொண்டுவந்த பத்திரிகையிலேயே இருந்தது. பாஸ்வேர்டை மறந்துபோனவர்களுக்கான பகுதி. கம்ப்யூட்டர் கண்விழிக்கும் நேரத்தில் இரண்டு சொற்களை அடித்தால் போதும், யாரையும் எதுவும் கேட்காமல் ரூட் ஆகிவிடலாம். அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். படிப்பில் ஒழுங்கானவன்.

சனிக்கிழமை மதியம் அம்மா சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்துக்குப் போனாள். அப்பா முதல் ஷிஃப்ட் முடித்துவந்து குறட்டையில் இருந்தார். இரண்டு சொற்களை அடித்தேன். கதவு திறந்தது. அம்மாவின் அறையில் வரிசையாகக் கோப்புகள். கடைசியாக இருந்ததைத் திறந்தேன்.

ஆங்கிலத்தில் இருந்தது. முப்பத்தொன்பது வயதுப் பெண். திருமணமானவர், ஒரு மகன். மூன்று மாதமாக நெஞ்சு வலி, மூச்சிரைப்பு. எடை குறைந்திருக்கிறது. மது அருந்துவதில்லை என்கிறார். மேற்கொண்டு சோதனைகள் தேவை.

அம்மாவுக்கு அந்தக் கிறிஸ்துமஸில்தான் முப்பத்தொன்பது முடிந்திருந்தது. மகன் நான் ஒருவன். மது விஷயமும் சரியாகவே இருந்தது. அடுத்த கோப்பைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே கேட் சத்தம். முறைப்படி மூட நேரமில்லை. பவர் பட்டனையே அழுத்தி அணைத்துவிட்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு புனிதர் வசித்தார். தெருக் குழாயிலிருந்து குடங்களை நானே தூக்கினேன். அம்மா ஸ்டூல் மேல் ஏறினால் ஓடிப்போய்ப் பிடித்தேன். உப்புமாவை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா இருமினால் வெந்நீரோடு போய் நின்றேன்.

"இன்னாடா ஆச்சி உனக்கு? ஸ்கூல்ல எதனா ஒடச்சிட்டியா?" என்று அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாகப்போகிறவள் எனக்குக் காய்ச்சலா என்று பார்க்கிறாளே என்று எனக்கு அழுகை முட்டியது. கேட்கவும் முடியாது. கேட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் சொன்னால், அவருக்கும் தெரியாமல் அம்மா காப்பாற்றிவந்ததை நான் போட்டுடைத்ததாகிவிடும். திருடிய பொருளை விற்க முடியாத திருடன் போல ஒரு வாரம் அலைந்தேன். ஜெபத்தில் எனக்கு அதுவரை இல்லாத ஈடுபாடு வந்தது.

மூடாமல் அணைத்ததில் கம்ப்யூட்டரும் கோபித்துக்கொண்டது. அடுத்த முறை அம்மா போட்டபோது, என்னை ஒழுங்காக மூடவில்லை, எல்லாவற்றையும் சோதிக்கப்போகிறேன் என்று நெடுநேரம் திரை நிறையப் புலம்பியது. மறுநாள் ஞாயிறு கடையில் வேலை என்று மாமா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவர் வந்ததும் அம்மா முதல் காரியமாக அதைச் சொன்னாள். "போன சனிக்கெழம கரெண்டே போவலடா. இது மட்டும் எப்டி நின்னுச்சி?"

மாமா திரையைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். பென்சில் கோட்டில் அவர் விரல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, வா, பேக்கரி வரைக்கும் போய் வரலாம்."

தில்பசந்த் ஒரு துண்டு வாங்கி என் கையில் கொடுத்தார். தேங்காயும் டூட்டிஃப்ரூட்டியுமாக எனக்கு உயிரான பண்டம். அன்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா செத்துடுவாங்களா மாமா?" என்றேன்.

அவர் திட்டத் தயாராக வந்திருந்தார் என்று நினைக்கிறேன். அந்த முகம் அப்படியே மாறிவிட்டது. "எத்தினி ஃபைல் பாத்த?"

"ஒண்ணுதான்."

"ஒரு வாரமா இத வெச்சிக்கினா சுத்தினிருக்க?" என் தலையில் கை வைத்தார். "அக்கா நல்லா இருக்குது. ஒரு நோவும் இல்ல. அது அக்காவப் பத்தியே இல்ல. நான் சொல்றேன் இல்ல?"

நான் பேக்கரி வாசலிலேயே அழுதேன். அழுது முடித்ததும் என் பழைய குணம் திரும்பிவிட்டது. "அப்போ அது இன்னா மாமா?"

"அது அக்காவுது."

"உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லேன்."

"உன்னுத நான் அக்காகிட்ட சொல்லப்போறதில்ல. அக்காவுத உங்கிட்ட சொல்லப்போறதில்ல. தின்னு."

வீட்டுக்கு வந்ததும் மாமா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இயந்திரத்தின் மேல் பழி போட்டார். கோளாறு எல்லாம் மனுசன்கிட்டதான், மெஷின்கிட்ட இல்லை என்று கடை வாடிக்கையாளர்களிடமே சண்டை போடுகிறவர் அவர். "டிஸ்க் பழசுக்கா. அப்பப்ப இப்டித்தான் பொலம்பும்" என்றார். வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த அந்த அப்பாவி ஹார்ட் டிஸ்க் எனக்காக அந்த அவப்பெயரை ஏற்றுக்கொண்டது. பிறகு உட்கார்ந்து, நான் நுழைந்த வழிக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்திரிகையை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இருபத்தைந்து வருடங்களாக எனக்குச் சோறு போடும் தொழிலை அதிலிருந்துதான் கற்க ஆரம்பித்தேன்.

நான்கு மாதம் கழித்து, சாப்பிடும்போது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் ஆபீஸ் ஒன்றில் தேர்வு எழுதியிருக்கிறாள். எடுத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அட! எப்ப கத்துக்கின நீ?" என்று அப்பா நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். கொஞ்சம் அதிகமாகவே ஆச்சரியப்படுகிறாரே என்று எனக்கே பட்டது.

அம்மா கொசுவலையைக் காட்டினாள்.

அந்த முப்பத்தொன்பது வயதுப் பெண் யார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அமெரிக்காவில் எங்கோ இருந்த முகம் தெரியாத ஒருத்திக்காக, லிங்கராஜபுரத்தில் ஒரு பையன் ஒரு வாரம் உருகி ஜெபித்திருக்கிறான். அவர் பிழைத்திருப்பார் என்றே நம்புகிறேன். அதற்குமுன்பும் பின்பும் நான் யாருக்காகவும் அத்தனை குடம் தண்ணீர் தூக்கியதில்லை.

அம்மா அப்பாவுக்குப் பயந்துதான் மறைத்தாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை வைத்து, பெண்களும் அந்தரங்க உரிமையும் பற்றி ஓரிரு இடங்களில் உருக்கமாகப் பேசியும் இருக்கிறேன். போன வருடம் மாமாவின் புது கைப்பேசியைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கதையை எடுத்தேன்.

"உங்க அப்பாவா?" என்றார் மாமா. "அவருக்கு மொத நாளே தெரியும்டா. டாக்டருங்க பேசற கேசட்ட வாங்கினு வந்ததே அவர்தான். அந்த சாம்பார் பேச்செல்லாம் உனக்காவ."

"அப்போ பாஸ்வேர்டு யாருக்கு?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்ப்யூட்டர் எறக்கன அன்னிக்கே அக்கா ஒண்ணுதான் கேட்டுச்சி. பையன் கண்ணுல படாம வெக்க முடியுமாடா, மொதல்ல இங்கிலீஷ தப்புத் தப்பாத்தான் அடிப்பேன், பாத்தா சிரிப்பான்னு."

கைப்பேசி என் கையில் இருந்தது. அதில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் ஏழு கதவுகள். நான் எழுதும் அறையின் கதவை எப்போதும் திறந்தேதான் வைத்திருப்பேன். காபி கொண்டுவரும்போது அம்மா டம்ளரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, திறந்திருக்கும் அந்தக் கதவை இரண்டு முறை தட்டுகிறாள். ஆபீஸில் பழகிய வழக்கம் என்று நினைத்திருந்தேன். தட்டிவிட்டு, நான் திரும்பிப் பார்க்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள்.