கலந்து வராத விஷம்

என் மேசைமேல் ஓர் ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. அதில் பாதிவரை காய்ந்த கடற்பாசித் தூள். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் மாணவிகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல லேபிள் இல்லையே மேடம்?" என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டச் சொல்லி அவர்களை விரட்டுகிற எனக்கு, இதற்கு மட்டும் ஒட்ட மனம் வந்ததில்லை.

அதைத் தந்தவர் வேம்பாரில் பாசி எடுத்த ஓர் அக்கா. கடற்பாசியில் பாம்பு விஷத்தைத் தடுக்கும் பொருள் உண்டா என்று முனைவர் பட்டத்துக்காக நான் தேடிக்கொண்டிருந்த காலம் அது. நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்த எனக்குக் கடலில் முழங்கால் அளவு இறங்கக்கூட பயம். அமாவாசையை ஒட்டி நீர் வற்றும் காலைகளில் அக்கா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்பைக் காலோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, பாறைக்குப் பாறை தாண்டிப் போவார். கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லும் பழுப்புப் பாசியை மேலே மட்டும் கிள்ளி எடுப்பார். "அடியில கை வைக்கப்படாது ஏளா. மறுபடி வளரணும்லா" என்பார். நான் கரையில் குடை பிடித்து நின்று நோட்டில் குறித்துக்கொள்வேன்.

ஆய்வு நன்றாகவே வந்தது. கண்ணாடி விரியனின் விஷத்தையும் பாசிச் சாற்றையும் முதலில் ஒரு குழாயில் கலந்து வைப்போம். கொஞ்ச நேரம் கழித்துச் சோதிப்போம். சதையை அரிக்கும் வேகம் விஷத்துக்குக் குறைந்திருந்தது. கண்டது அவ்வளவுதான். குழாய்க்கு வெளியே, கடிபட்ட உடம்பில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பது துறைத்தலைவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் நிருபரைப் பார்த்ததும் மனிதர் வாயெல்லாம் பல்லாகப் பேசினார். 'பாம்புக்கடிக்கு மருந்து நம் கடலிலேயே' என்று மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. கலந்து வைத்துச் சோதித்த கதை ஒரு வரிகூட இல்லை.

அவரைத் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வேம்பாருக்கு பஸ் ஏறியது நான். "உங்க பாசிதான் அக்கா இது" என்று வாசித்துக் காட்டியதும் நான்தான். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. காய்ந்து கிடந்த பாசியை அப்போதே இடித்து, இந்த பாட்டில் நிறைய அடைத்து, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதியைச் சொன்னால் அவர் முகம் வாடிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். என்ன புத்தி அது!

பாசி எடுக்கப் போகாத நாட்களில் அக்கா உப்பளத்துக்கு வேலைக்குப் போவார். மூன்று மாதம் கழித்து, அங்கே வரப்போரம் கிடந்த சாக்கைத் தூக்கும்போது விரியன் காலில் கடித்துவிட்டது. கூட இருந்தவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நம்ம மருந்து வீட்லயே இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு இவர் வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். தூளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, வீக்கம் முழங்காலுக்கு ஏறும்வரை காத்திருந்திருக்கிறார். அப்புறம்தான் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விஷமுறிவு ஊசி உயிரைக் காப்பாற்றியது. அழுகிய சதையை மீட்க முடியவில்லை. பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள்.

"படிக்காத ஜனங்க, கண்டதையும் பூசிக்கிடும்" என்றார் துறைத்தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்டதையா பூசினார்? நாம் சொன்னதையல்லவா பூசினார்!

ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நின்று அழுதுகொண்டே, குழாயில் முதலிலேயே கலந்த கதையை முழுக்கச் சொன்னேன். அக்கா கடைசிவரை கேட்டார். "ஏளா, கடிக்க வார பாம்புகிட்ட, இந்தா சாறு, இதக் கலந்துகிட்டு வந்து கடின்னு சொல்லவா முடியும்?" என்றார். பக்கத்துக் கட்டில்காரப் பெண் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நேரா இங்கன ஓடி வந்திருப்பேன்லா. சொன்னா எனக்கு விளங்காதுன்னு நெனச்சியோ?" என்றார். வீடு திரும்பிய பிறகு இந்த பாட்டிலை என் கையில் திணித்தார். "நீயே வச்சுக்க" என்றார்.

அக்கா இப்போது பாறைக்குப் போவதில்லை. மற்றவர்கள் கொண்டுவரும் பாசியைக் கரையில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார். நான் அதே ஆய்வைத் தொடர்கிறேன். நம்பிக்கை உண்டு, மருந்து இன்னும் இல்லை. போன வாரம் ஒரு நிருபர் போனில் பேசினார். பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பாசியைப் பூசக் கூடாது என்பதை முதல் வரியாகப் போடுங்கள் என்றேன். "அப்படிப் போட்டா அதுல செய்தியே இல்லையே மேடம்" என்றார். "அப்ப போடாதீங்க" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

அந்தச் சத்தத்தில் எட்டிப் பார்த்த புது மாணவி, தயங்கித் தயங்கி பாட்டிலைக் காட்டி லேபிளைப் பற்றிக் கேட்டாள். உட்காரச் சொல்லி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பாட்டிலில் குறைந்திருக்கிற பாதித் தூள் எங்கே போனது என்பதையும் சொன்னேன்.