நோயாளிகளுக்கான மன்றாட்டில் என் பெயர்

இன்று காலைப் பூசையில் நோயாளிகளுக்காக மன்றாடும்போது, காலில் புண் உள்ள மனுவல் மாமாவுக்கு அடுத்ததாக என் பெயரையும் பாதர் வாசித்தார்.

பக்கத்தில் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும் விடச் சத்தமாக, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். பெயர் கொடுத்தது யாரென்று விளங்கிவிட்டது.

வெளியே வந்ததும், மீன் வாங்கி விற்கும் ஜசிந்தா மாமி கையைப் பிடித்தார்.

"பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்லை மாமி. பிஎச்டி செய்யிறன்."

"நித்திரை வருதோ?"

"இல்லை."

"சாப்பாடு?"

"மனமில்லை. எப்ப முடியும் எண்டு ஆரும் கேட்டா அழுகை வரும்."

"எத்தினை வருசமா?"

"இது ஆறாவது."

மாமி உடனே மனுவல் மாமாவைக் கூப்பிட்டார். "அண்ணை, உங்கட கால் சுகப்பட்டிடும். வாற கிழமை இந்தப் பிள்ளையின்ர பேரை முதல்ல வாசிக்கட்டும்."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "ஓம், எனக்கு அவசரமில்லை."

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை பிடித்தேன். "நான் என்ன நோயாளியோ?"

"நேற்றுக் குசினிக்குள்ள நிண்டு, கழுவ வச்ச கணவாய் மீனுக்கு மூண்டாம் அத்தியாயத்தை விளங்கப்படுத்தினது ஆர்?"



பின்னேரம், உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பேச்சுமூச்சில்லாமல் இருந்த என் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தை நான் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டுமாம்.

"பாத்தியா, ஆண்டவர் மன்றாட்டைக் கேட்டிட்டார்," என்றார் அம்மா.

ஆய்வு செய்யும் நண்பர்களே, அடுத்த ஞாயிறுக்கு உங்கள் பெயரைக் கீழே போடுங்கள். எத்தனையாவது வருடம் என்பதையும் எழுதுங்கள். மாமி அதை வைத்துத்தான் பெயர்களை வரிசைப்படுத்துகிறார்.