பின் ஷாக்கில் காற்று குறைந்த மூன்று வாரம்

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஓர் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி ஏறி நிற்கும். எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். பாரத்தோடு வரும்போது கிளீனரும் தண்ணீர் டிரம்மும் வண்டிக்குள் இருக்கும். காலியாகத் திரும்பும்போது இரண்டும் மாயமாகியிருக்கும்; அந்தக் கனமும் சரக்குக் கணக்கில் ஏறிவிடும். கேட்டால், "கிளீனர் டீ குடிக்கப் போயிருக்கான் அண்ணாச்சி" என்பான் டிரைவர். தண்ணீர் டிரம்முமா டீ குடிக்கப் போனது? இருபது வருஷம் இதையே பார்த்தவனுக்கு உலகத்தில் யோக்கியன் என்று ஒருவன் இருப்பதாகத் தோன்றுமா? எனக்குத் தோன்றாது. கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவேன்.

என் மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் முதுகெலும்பில் தட்டு விலகி, நாலு மாதம் படுக்கையில் கிடந்தாள். "குலுக்கல் ஆகவே ஆகாது. இன்னொரு தடவை விலகினால் ஆபரேஷன்தான். டீச்சர் வேலையையும் மறந்துவிட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த வேலைதான் உயிர். பள்ளிக்கூடமோ உப்பளங்களைத் தாண்டி இருந்தது. பஸ்ஸில் போனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். அதனால் என் மோட்டார் சைக்கிளின் பின்னால்தான் அவள் பயணம்.

துபாயிலிருந்து லீவில் வந்த மச்சினன், அக்காளுக்காக, குலுக்கலை வாங்கிக்கொள்கிற பின் ஷாக் அப்சார்பர் இரண்டு வாங்கி வந்தான். காற்று அடிக்கிற ரகம். மேலே டயரில் இருப்பதுபோலச் சின்ன வால்வு. ஆள் கனத்துக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். வழக்கமாகப் போகிற மெக்கானிக்கிடம் மாட்டக் கொடுத்தேன். பத்து வருஷப் பழக்கம். கை பம்ப் வைத்து இரண்டு பக்கமும் முப்பத்தைந்து பவுண்டு காற்று ஏற்றிவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, இதுல சும்மா சும்மா கை வைக்காதிய. மாசத்துக்கு ஒருக்கா இங்க கொண்டாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. பார்க்காதே என்று எந்த டிரைவர் சொல்கிறானோ, அவன் லாரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போகிற வழியிலேயே காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் சவாரி, அடடா! வேகத்தடையில் ஏறி இறங்கியதே தெரியவில்லை. "மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் அவள். இரண்டாம் நாள் காலையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வால்வு மூடியைக் கழற்றி, கேஜை வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று. அடுத்த நாள் இருபத்தெட்டு. அதற்கடுத்த நாள் இருபத்தைந்து. மூடியைக் கழற்றிக் கழற்றி விரல் நுனியெல்லாம் கருப்பு. காற்று ஒழுகுகிற சரக்கைத் துபாய்க் கடைக்காரன் மச்சினன் தலையில் கட்டிவிட்டானா? இல்லை, உள்ளே இருந்த நல்ல வால்வை உருவிக்கொண்டு பழசைச் செருகிவிட்டாரா இந்த மெக்கானிக்?

ஒரு வாரத்தில் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. தலையைச் சொறிந்தார்.

"யாரும் கை வச்சியளா அண்ணாச்சி?"

"நான் எதுக்குவே கை வைக்கேன்?" என்றேன்.

பொய்தான். உம்மைச் சந்தேகப்பட்டுத் தினமும் அளக்கிறேன் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவர் வால்வை மாற்றி, மறுபடி முப்பத்தைந்து ஏற்றினார். மறுவாரமும் அதே கதை, அதே கேள்வி, அதே பொய். ஷாக்கைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பர் வளையத்தையும் மாற்றினார். "கேஸு புரியலையே" என்று தனக்குள் முனகிக்கொண்டார். நடிப்பு என்று நினைத்தேன். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம், பள்ளிக்கூடம் போகிற வழியில், நிலக்கரி லாரிகள் குழியாக்கி வைத்திருந்த ஒரு திருப்பத்தில் பின்பக்கம் டொக்கென்று அடி வாங்கியது. "அய்யோ அம்மா!" என்று என் தோளைப் பிடித்துவிட்டாள். இறங்கியவளால் நிமிர முடியவில்லை. மெக்கானிக் கடை நாலு எட்டில்தான் இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் போக, இடுப்பில் கையை ஊன்றி அவள் பின்னால் வந்தாள். அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்து டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கத்தத் தொடங்கினேன்.

"பழைய வால்வை மாட்டிட்டு யாரு காதுல பூ சுத்துதீரு? இவ முதுகு போச்சுன்னா நீரா பதில் சொல்லுவீரு? களவாணிப் பயலோட பத்து வருசம் பழகிட்டேனே!"

அவர் முகம் வெளிறிவிட்டது. என் மனைவிதான் வலியோடு குறுக்கே பேசினாள். "ஏன் அவரைச் சத்தம் போடுதிய? தெனமும் காலையில நீங்க அளந்துதான பாக்கிய? ஒரு நாளாவது சரியா இருந்துச்சா, அதச் சொல்லுங்க அவருகிட்ட."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

மெக்கானிக் மெதுவாகக் கையை நீட்டினார். "அந்த கேஜைக் கொடுங்க."

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முப்பத்தைந்து அடித்து, பம்பைக் கழற்றினார். என் கேஜை வைத்தார். புஸ் என்று துளிச் சத்தம். முப்பத்தொன்று. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். புஸ். இருபத்தெட்டு. மறுபடி. இருபத்தைந்து. டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டயரு அண்டா. இந்த ஷாக்கு டம்ளர்" என்றார். "அண்டாவுல ஒரு வாய் குடிச்சாத் தெரியாது. டம்ளர்ல தெனமும் ஒரு வாய் குடிச்சா என்ன மிஞ்சும்? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையால்ல இருக்கு. கை வச்சியளான்னு ரெண்டு தடவ கேட்டேனே."

அவள் என்னையே பார்த்தாள். அழுகிற பார்வை இல்லை; அழுதிருந்தால் பரவாயில்லை.

"அப்ப மூணு வாரமா என் முதுகுல இடிச்சது நீங்கதானா?"

தட்டு விலகவில்லை, சதைப் பிடிப்புதான் என்றார் டாக்டர். பத்து நாள் படுக்கை. அந்தப் பத்து நாளும் சோறு ஆக்கினேன், வெந்நீர் வைத்தேன். மெக்கானிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார். அண்ணாச்சி சாராகிவிட்டேன். இன்றுவரை சார்தான். வெட்கமாக இருக்கிறது.

கேஜ் இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. தினமும் காலையில் வண்டியில் ஏறுவதற்கு முன் "தொட்டியளா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். என் கையை வாங்கி, விரல் நுனியைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஏறுவாள்.

போன திங்கட்கிழமை விரலில் கருப்பு இருந்தது.

"செயினுக்கு ஆயில் விட்டேன்" என்றேன். சத்தியமாகச் செயினுக்குத்தான் விட்டேன். வேண்டுமானால் குனிந்து பார், செயின் இன்னும் ஈரமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவள் குனிந்து பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்தபடி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.